கண்ணாடி மாதிரித் தண்ணீர்



யாழ்ப்பாண நகரில் மீளக்குடியேறிய ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம், புட்டிப்பால். தண்ணீர், ஒழுங்கைப் பொதுக்கிணற்றில் அள்ளுவது.

"கண்ணாடி மாதிரித் தண்ணி, பிள்ளை. அதையும் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம்" என்றார் அம்மம்மா.

கொதிக்க வைத்தால் போதும் என்று எத்தனையோ கூட்டங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். வற்றாத ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் மலசலகூடக் குழியின் கழிவும் தோட்டத்து யூரியாவும் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரில் கலக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எல்லை. அதற்கு மிஞ்சினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவமுடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

கிணற்றைச் சோதித்ததாக அம்மம்மா ஒரு தாள் காட்டினார். "கிருமி இல்லை" என்றிருந்தது. நைத்திரேற்று என்ற வரிக்கு எதிரே வெறுமை. பார்க்கவேயில்லை!

ஒழுங்கைப் பெண்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முடிவில் 50ஐத் தாண்டியிருந்தது. இப்போது பிள்ளையின் பாலுக்கு மட்டும், சோதித்த வேறு கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் வருகிறது. அம்மம்மாதான் சுமக்கிறார்.

உங்கள் கிணற்றுக்கும் தாள் இருந்தால், அந்த வரியை ஒருமுறை பாருங்கள்.