வீடு மாறிப் போன பிறகு வரும் பில் யாருடைய பில்?



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது எங்க தொண்டர்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம். கோவில் உதவி நிதியிலிருந்து ஒரு தம்பியோட பழைய வீட்டு கரண்டு பில்லைக் கட்டலாமா, கூடாதா? பில் 612 வெள்ளி. பாவம், சின்னப் பையன், கட்டிவிட்டுப் போகலாம்னு பாதிப் பேர். நாங்க கூடாதுன்னு சொன்னோம். கல் மனசுன்னு சிலர் நினைச்சிருப்பீங்க. அதனால்தான் கொஞ்சம் நீளமா எழுதுறோம். பொறுத்துப் படிங்க.

அந்தத் தம்பி பிறையில் எங்க மாதிரி ஃபேக்டரியில்தான் வேலை. ஷிப்ட் ஆள். கூட வேலை செய்யும் ரெண்டு பேரோட ஒரு பிளாட்டில் வாடகைக்கு இருந்தான். கரண்டு கணக்கு அவன் பேரில். பிப்ரவரி கடைசியில் மூணு பேரும் காலி பண்ணி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துட்டு லோரி வச்சுக் கிளம்பிட்டாங்க. கணக்கை மூடணும்னு யாருக்கும் தோணல. வீட்டுக்காரரும் சொல்லல. பிறகு வந்த குடித்தனக்காரர்கள் அந்தப் பேரிலேயே ஜூலை வரைக்கும் மாசா மாசம் கட்டியிருக்காங்க. அப்புறம் மூணு மாசம் ஏர்கோன் போட்டு நல்லாத் தூங்கிட்டு, அக்டோபரில் ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டாங்க. பாக்கி கடிதம் யாருக்கு வரும்? இவனுக்குத்தான்.

பயந்துபோய் எங்ககிட்ட வந்தான். "அண்ணே, நான் அந்த வீட்டை விட்டு எட்டு மாசம் ஆச்சு, நான் எதுக்கு கட்டணும்?" அவன் கேட்டது நியாயம். ஆனால் காகிதத்தில் பேர் அவன் பேர். கணக்கு யார் பேரில் இருக்கோ அவங்ககிட்டதான் டிஎன்பி பணம் கேட்கும். யார் சுவிட்ச் போட்டாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

உட்கார்ந்து பழைய பில்லெல்லாம் எடுத்துப் பார்த்தோம். பாத்திரம் கழுவுற இடத்துக்குப் பக்கத்திலேயே, கை ஈரத்தோட. 612-ல் 58 வெள்ளி அவன் இருந்தப்ப ஓடினது. இது பல பேருக்குப் புரியாத இடம், கொஞ்சம் நின்னு சொல்றோம். மீட்டர் படிக்கிற நாள் மாசக் கடைசி கிடையாது. அந்த வீட்டில் 12-ம் தேதி வாக்கில் படிப்பாங்க. நீங்க பிப்ரவரி 28-ல் காலி பண்ணினா, 12-லிருந்து 28 வரைக்கும் உங்க கரண்டு. ஆனால் அது மார்ச் பில்லில்தான் வரும். அப்போ நீங்க வேற தாமானில் திரைச்சீலை மாட்டிக்கிட்டு இருப்பீங்க. சில வீட்டில் கேட் பூட்டியிருக்கும், நாய் இருக்கும், மீட்டர் படிக்க முடியாமல் உத்தேசமா ஒரு கணக்குப் போட்டு பில் வரும். பிறகு சரியாப் படிக்கும்போது விட்டுப்போனது எல்லாம் ஒரே பில்லில் வந்து விழும். ஏமாத்து வேலைன்னு நாம கத்துறோம். பெரும்பாலும் ஏமாத்து இல்லை, பாக்கிதான்.

ஆக 58 வெள்ளி தம்பி கட்டணும். அதில் எங்களுக்கு மறுபேச்சே இல்லை. மீதி 554?

வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தோம். நம்ம ஆள்தான். திருவிழாவுக்கு உபயம் எடுக்கிறவர், மரியாதையான குடும்பம். "பேர் அவன் பேர்ல இருக்கு, நான் என்ன செய்றது?" என்றார். நாங்க ஒரே ஒரு கேள்வி கேட்டோம். ஐயா, ஓடிப்போன ஆளுங்ககிட்ட கரண்டு தண்ணி டெப்பாசிட் வாங்கினீங்களா? வாங்கியிருக்கார். அரை மாச வாடகை, 350 வெள்ளி. அது அவர் கையிலேயே இருக்கு. அதையும் வச்சுக்கிட்டு தம்பிகிட்ட முழுசாக் கேட்கலாம்னு இருந்திருக்கார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வச்சாங்க, யாரும் குடிக்கல.

கடைசியில் 350 அவர் கட்டுறதா ஒத்துக்கிட்டார். மிச்சம் 204-ஐ பாதிப் பாதி, ஆளுக்கு 102. கணக்கை மூடாமல் விட்டது தம்பி தப்பு. பேரை மாத்தாமல் அடுத்த ஆளை உள்ளே விட்டது வீட்டுக்காரர் தப்பு. தம்பி பங்கு மொத்தம் 160. இதில் வேடிக்கை என்னன்னா, கணக்குத் திறக்கும்போது கட்டின டெப்பாசிட் 200 வெள்ளியை அவன் சுத்தமா மறந்தே போயிருந்தான். கெடாய் தெனாகாவில் கணக்கை மூடினதும் அந்த 200-ஐ பாக்கியில் கழிச்சாங்க. பாக்கி 412-ஐ வீட்டுக்காரர் கட்டி, மேல 40 வெள்ளியைத் தம்பி கையில் கொடுத்தார், முகம் பார்க்காமல். உண்டியல் காசிலிருந்து ஒரு சென் போகல. நாங்க அன்னைக்கே நிதியிலிருந்து 612 எடுத்துக் கொடுத்திருந்தா யாருக்கு உதவி செஞ்சிருப்போம்? 350 வெள்ளியைக் கையில் வச்சிருந்தவருக்கு!

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதைன்னு கேட்கலாம். 1998-ல் நாங்க, அப்போ கல்யாணம் ஆன புதுசு, சுங்கை பட்டாணியில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். பட்டர்வொர்த்துக்கு மாறி வரும்போது தண்ணி பில் 74 வெள்ளி பாக்கி. தெரியும். தெரிஞ்சேதான் விட்டுட்டு வந்தோம். வேலை நின்னுபோன நேரம், கையில் காசில்லை. பிறகு கேள்விப்பட்டோம், அந்த வீட்டுக்கு வந்த பாட்டிக்குத் தண்ணியை வெட்டிட்டாங்க. அவங்க பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தூக்கியிருக்காங்க. நாங்க போய்க் காசு கொடுக்கல. போகணும் போகணும்னு இருந்து, பாட்டி காலமாயிட்டாங்க. அதனால் வாடகைக்கு இருக்கிறவன் எல்லாம் நல்லவன், வீட்டுக்காரன் எல்லாம் கெட்டவன்னு நாங்க பேச வரல.

ஆனால் வீட்டுக்காரர்கள் பக்கம் ஒரு பழக்கம் இருக்கு, அதை நாங்க ஒத்துக்கவே மாட்டோம். கடைசி பில் வரட்டும்னு சொல்லி முழு டெப்பாசிட்டையும் பிடிச்சு வச்சுக்கிறது. நம்ம கோவிலுக்கு வரும் ஒரு அக்கா, ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலை, மூணு பிள்ளைங்க. வாடகை 700. ரெண்டு மாச டெப்பாசிட் 1,400. காலி பண்ணி அஞ்சு மாசம் ஆகுது. கேட்கும்போதெல்லாம் தண்ணி பில் வரலையாம். அந்த பில் எப்பவோ வந்தாச்சு, அக்கா போய்ப் பார்த்தாங்க, 31 வெள்ளி. 31 வெள்ளிக்கு 1,400-ஐப் பிடிச்சு வைக்கிறது என்ன கணக்கு? பில்லுக்குன்னு நூறோ இருநூறோ நிறுத்திக்கிட்டு மீதியைக் கொடுத்துட வேண்டியதுதானே. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டை, சப்பாத்து வாங்க அந்த அக்கா வட்டிக்குக் கடன் வாங்கினாங்க. அந்த வட்டியை யார் கட்டுறது?

வீட்டு வாடகைக்குன்னு தனிச் சட்டம் வரும் வரும்னு நம்ம நாட்டில் பல வருஷமாப் பேசுறாங்க. அதை நம்பிக் காத்திருக்க முடியாது. இப்போதைக்கு நம்ம கையில் இருப்பது ஒப்பந்தக் காகிதமும் கைப்பேசியும்தான். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்க: காலி பண்ணி இத்தனை நாளுக்குள் பில் கழிச்சு டெப்பாசிட் திருப்பித் தரப்படும்னு. சாவி கொடுக்கிற அன்னைக்கு கரண்டு மீட்டர், தண்ணி மீட்டர் ரெண்டையும் எண் தெளிவாத் தெரியப் படம் பிடிச்சு, அங்கேயே நின்னு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. வீட்டுக்குப் போய் அனுப்பலாம்னு நினைச்சா மறந்துடுவீங்க, நாங்க பார்த்திருக்கோம். கணக்கு உங்க பேரில் இருந்தா மூடுங்க, இல்லை அடுத்தவர் பேருக்கு மாத்தச் சொல்லுங்க. டிஎன்பி கணக்குன்னா மைடிஎன்பி ஆப்பில் பழைய பில்லெல்லாம் பார்க்கலாம், ஸ்மார்ட் மீட்டர் போட்ட வீட்டுக்குத் தினசரி ஓட்டம்கூடத் தெரியும். இண்டா வாட்டரையும் கேட்டு வைங்க. முன்னெல்லாம் அது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 48 வெள்ளின்னு வரும், யாருமே அதை நினைப்பில் வைக்கிறதில்லை.

வீட்டுக்காரங்களா இருக்கிற அன்பர்களே, உங்களுக்கும் அதே படம்தான் பாதுகாப்பு. புது ஆள் வந்தா முதல் வேலையாப் பேரை மாத்துங்க. அரை நாள் லீவு எடுக்கச் சோம்பல் பட்டு ஒருத்தர் 452 வெள்ளி கொடுத்த கதையை மேலே படிச்சீங்க.

அந்த அக்கா விஷயம் இன்னும் முடியல. 5,000 வெள்ளிக்குள்ள தொகைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கையாப் போடலாம், வக்கீல் வேண்டாம். அக்காவுக்கு கோர்ட்டுன்னாலே பயம், வேலையில் அரை நாள் சம்பளம் போயிடும்னு வேற யோசனை. அடுத்த வாரம் நம்ம தொண்டர்கள் ரெண்டு பேர் கூடப் போறாங்க. போகிற அன்னைக்குப் பிடிபடும் அரை நாள் சம்பளத்தைக் கோவில் நிதியிலிருந்து கொடுக்கலாம்னு நாங்களே கமிட்டியில் கேட்கப் போறோம். இதுக்குக் கொடுத்தா நாங்க தடுக்க மாட்டோம்.

பில் தகராறு இருக்கிறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் சமையல் கூடத்துப் பக்கம் வாங்க. பழைய பில், ஒப்பந்தம், டெப்பாசிட் ரசீது எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க. ரசீது இல்லைன்னாலும் வாங்க, தேடிப் பார்ப்போம்.