மருந்தைத் தேடித் தந்தது எந்திரம்! உரிமை யாருக்கு?

மதுரை கோரிப்பாளையம். ராஜாஜி ஆஸ்பத்திரியைச் சுற்றிலும் மருந்துக் கடைகள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மக்கள் டாக்டர் எழுதிய சீட்டும் கையுமாக நிற்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் விலைக்குள் ஒரு சட்டம் ஒளிந்திருக்கிறது.

அதன் பெயர் காப்புரிமைச் சட்டம். "பேடண்டு" என்றும் சொல்வார்கள். புதிய மருந்தைக் கண்டுபிடித்தவர், மற்றவர் அதைச் செய்யாமல் 20 ஆண்டுகள் தடுக்கலாம். போட்டி கிடையாது. வைத்ததுதான் விலை!

"கிளிவெக்" என்பது ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் கம்பெனி செய்தது. ஒரு மாதத்து மருந்து ரூ.1 லட்சத்துக்கும் மேல்! அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் ரூ.10 ஆயிரத்துக்குக் கொடுத்தன. நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை, சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகம் 2006-ம் ஆண்டு மறுத்தது. சட்டமே செல்லாது என்று கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போனது. 2007-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது.

காரணம், சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த பொருளைக் கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தால் போதாது. முன்னைவிட நன்றாக நோயைத் தீர்க்க வேண்டும். பழைய குடத்துக்கு ஈயம் பூசி, புதுக்குடம் என்று விற்க முடியாது!

இப்போது புதிய வம்பு வந்திருக்கிறது. மருந்து தேடும் வேலையில் செயற்கை அறிவு எந்திரம் இறங்கிவிட்டது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள், எந்தப் பொருள் கிருமியைக் கொல்லும், எது கொல்லாது என்று கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். பிறகு சுமார் 6 ஆயிரம் பொருள்களின் விவரத்தைக் கொடுத்தார்கள். அது ஒன்றைச் சுட்டிக்காட்டியது. நீரிழிவுக்காக முன்பே ஆராயப்பட்ட பொருள் அது! சோதனைக் கூடத்தில், பல மருந்துகளுக்கு மசியாத கிருமிகளையும் அது கொன்றது. 2020-ல் இதை வெளியிட்டார்கள். "ஹாலிசின்" என்று பெயர்.

பழைய பொருள், புதிய உபயோகம். நம் 3(டி) பிரிவு, அது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது.

சரி, கண்டுபிடித்தவர் யார்? மனிதரா, எந்திரமா? ஸ்டீபன் தேலர் என்ற அமெரிக்கர், தம் எந்திரத்தின் பெயரையே கண்டுபிடிப்பாளர் என்று எழுதிப் பல நாடுகளில் மனுப் போட்டார். (மருந்துக்கு அல்ல, உணவு வைக்கும் பாத்திரத்துக்கும் ஒரு விளக்குக்கும்.) தென் ஆப்பிரிக்கா 2021-ல் ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டு 2023 டிசம்பரில் முடியாது என்றது. இந்தியச் சட்டம் 1970-ல் எழுதப்பட்டது. "உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்" யார் என்று கேட்கிறது. அன்று இப்படி ஒரு எந்திரம் ஏது?

கோரிப்பாளையத்தில் நிற்பவருக்கு இந்தப் பெயர்ச் சண்டை பெரிதல்ல. எந்திரம் ஒரு மருந்துக்கு ஆயிரம் மாற்று வடிவங்களை நொடியில் எழுதித் தள்ளும். ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டு உரிமை கேட்டால், விலை எப்போது இறங்கும்? அந்த மனுக்களில் தென்னாட்டினுடையவை சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கே அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி பழைய கேள்விதான்: "முன்னைவிட நன்றாகக் குணமாகுமா? சான்று எங்கே?"