கிராம் கேட்கும் கூட்டம்

பெற்றோல் வரிசைக் காலத்துக்குப் பிறகு எங்கட வயதுப் பெடியள், பெட்டையள் ரேசிங் சைக்கிளில் ஓடுவதைப் பார்க்கச் சந்தோசமாய்த்தான் இருக்கு. ஆனால் ஹெல்மெற் வாங்கும்போது முதல் கேள்வியே "எத்தனை கிராம்?" எண்டு வருகிறதே, அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

சாதாரண ஹெல்மெற் ஒன்று 300 கிராம் அளவில் வரும். 'அல்ட்ரா லைட்' எண்டு விற்பது 200 சொச்சம். வித்தியாசம் அரைக் கோப்பை பிளேன்ரீ. மணிக்கணக்காக ஓடுகிறவர்களின் கழுத்துக்கு அது தெரியும், மறுக்கவில்லை. பின்னேரம் பண்ணைப் பாலத்தடிக்குப் போய் வாறவைக்கு அதுக்காக ரெண்டு மூன்று மடங்கு காசு எதுக்கு?

கூடின விலை கூடின பாதுகாப்பு எண்ட நினைப்பும் பிழை. ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரச் சோதனையில் ஹெல்மெற்றைச் சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து இரும்பில் விழுத்திப் பார்க்கிறார்கள். 200 கிராமுக்கும் 300 கிராமுக்கும் ஒரே சோதனைதான். தலை சரிவாக மோதி முறுகுவதை அந்தச் சோதனை அளப்பதில்லை. அதையும் சேர்த்து அளந்து நட்சத்திரம் போடுவது அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகம். அங்கே ஐந்து நட்சத்திரம் எடுத்தவற்றில் 100 டொலருக்குக் குறைந்தவையும் உண்டு.

பாரம், வெக்கை எண்ட சாட்டு புதிசில்லை. 1991இல் ஹெல்மெற்றைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது பாரிஸ்-நீஸ் போட்டியில் வீரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பின்வாங்கியது. 2003இல் அதே போட்டியில் கசக்ஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் ஹெல்மெற் இல்லாமல் விழுந்து இறந்தார். கட்டாயச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெக்கை எங்களுக்கும் உண்மையான பிரச்சினைதான். ஹாண்டிலில் தொங்கும் ஹெல்மெற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே கிராமை விட்டிட்டு, காற்றுப் போகும் துவாரங்களைப் பாருங்கோ. உள்ளே ஈஎன் 1078 அல்லது சீபீஎஸ்சீ எண்ட லேபல் இருக்கா பாருங்கோ. கடைகளில் பகட்டான ஸ்ரிக்கர் மட்டும் ஒட்டினதும் கிடக்கு.

வெளிநாட்டு மாமா பாவிச்சுவிட்டு அனுப்பின ஹெல்மெற் எண்டால் இன்னும் கவனம். உள்ளே இருப்பது ரெஜிபோம் மாதிரியான ஒன்று. அது நசிந்துதான் மண்டையைக் காப்பாற்றும். ஒருக்கா நல்லா அடிபட்டால் முடிஞ்சுது, வெளியில் கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். எப்பவாவது விழுந்தவரா எண்டு மாமாவிட்டக் கேளுங்கோ.

"பஸ் அடிச்சா இதால தப்பலாமோ?" எண்டு நக்கலாய்க் கேக்கிறவையும் இருக்கினம். சோதனை நடப்பது மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு வேகத்தில். பறந்து வரும் பஸ்ஸுக்கு இது மறுமொழி இல்லை. அதற்குச் சைக்கிள் பாதை வேணும், வேகக் கட்டுப்பாடு வேணும். அதற்காகவும் நாங்கள் சண்டை பிடிப்போம். ஆனால் சந்தி மணலில் சறுக்கி விழுகிறதுக்குப் பஸ் தேவையில்லை.

கடையிலேயே போட்டுப் பாருங்கோ. முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கவேணும். பின்பக்கத் திருகை இறுக்கி, நாடாவைக் கொழுவாமல் குனிஞ்சு தலையை ஆட்டுங்கோ. கழன்று விழுந்தால் அது உங்கட தலைக்குரியதில்லை, எத்தனை கிராமாய் இருந்தாலும்.