35 வருடத் தூக்கம்

ரிச்சர்ட் போஸ்னர் என்ற பெயரைச் சட்டமோ பொருளாதாரமோ படிக்கிறவர்கள் எப்படியும் ஒருமுறை கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம்.

அமெரிக்காவில் ஃபெடரல் கோர்ட்டுகள் மூன்று அடுக்கு. கீழே மாவட்ட கோர்ட், உச்சியில் சுப்ரீம் கோர்ட், நடுவில் அப்பீல் கோர்ட். சுப்ரீம் கோர்ட் வருடத்துக்கு நூறு வழக்குகூட எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஏறக்குறைய எல்லோருக்குமே அப்பீல் கோர்ட் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அப்படிப்பட்ட ஒரு கோர்ட்டில், சிகாகோவில் இருக்கும் ஏழாவது சர்க்யூட்டில், 1981 முதல் 2017 வரை ஜட்ஜாக இருந்தவர் போஸ்னர்.

ஆள் சாதாரண ஆள் இல்லை. 1939இல் நியூயார்க்கில் பிறந்தார். யேலில் ஆங்கில இலக்கியம், ஹார்வர்டில் சட்டம், அதில் வகுப்பில் முதலிடம். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் வில்லியம் பிரென்னனிடம் உதவியாளர் வேலை. 1969 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1973இல் அவர் எழுதிய பாடப்புத்தகம், சட்டத்தைப் பொருளாதாரக் கண்ணால் பார்க்கும் ஒரு துறையையே நிலைநிறுத்தியது. ரீகன் அவரை ஜட்ஜ் ஆக்கினார். 3000க்கும் மேற்பட்ட தீர்ப்புகள், எல்லாம் சொந்தக் கையால். (மற்ற ஜட்ஜுகள் பலர் உதவியாளர்களை எழுதச் சொல்லித் திருத்துவார்கள். இவர் அப்படி இல்லை.) போதாததற்குப் புத்தகங்கள் வேறு, நாற்பதை ஒட்டி. பொருளாதார மேதை கேரி பெக்கரோடு சேர்ந்து 2004இலிருந்து பத்து வருடம் வலைப்பதிவும் எழுதினார். ஒரு மனிதனுக்கு நாளுக்கு 24 மணி நேரம்தானா என்று சந்தேகம் வரும் :-)

இதையெல்லாம் சொல்லித்தான் அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் போஸ்னர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வேலையை விட்ட விதம். 2017 செப்டம்பரில், 78 வயதில், ஏறக்குறைய ஒரே நாள் அவகாசத்தில் ராஜினாமா செய்தார். காரணம் கேட்டதற்கு, 35 வருடத் தூக்கத்திலிருந்து சில மாதங்களுக்கு முன்புதான் விழித்தேன் என்ற பொருளில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். வக்கீல் வைக்க முடியாமல் தாங்களே வழக்காடுகிறவர்களைக் கோர்ட் சரியாக நடத்துவதில்லை என்பதுதான் அவர் கண்டுகொண்டது.

35 வருடம் ஐயா! ஒரு ஆயுள் தண்டனைக் கைதி உள்ளே போய் முடி நரைத்து வெளியே வரும் காலம்.

இந்த 'வக்கீல் இல்லாதவர்கள்' ஏதோ ஓரமாக இருக்கும் நாலு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் விலகிய காலத்தில் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகளுக்கு வந்த வழக்குகளில் ஏறத்தாழ பாதி இவர்களுடையவை. பெரும்பாலோர் சிறைக்கைதிகள். 1963இல் கிடியன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்றது. பலரும் கதை அங்கேயே சுபமாக முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். முடியவில்லை. தண்டனை பெற்றவர் ஜெயிலுக்குள் போன பிறகு, 'மருந்து தர மறுக்கிறார்கள்', 'வார்டன் அடித்தார்' என்று வழக்குப் போட்டால் அது சிவில் வழக்கு. அதற்கு வக்கீல் தரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அப்படி ஒருவர் கையால் எழுதி அனுப்பும் அப்பீல் என்ன ஆகிறது? போஸ்னரின் கோர்ட்டில் அது முதலில் போவது கோர்ட் ஊழியர்களாக இருக்கும் வக்கீல்களிடம். பலர் சட்டக் கல்லூரியை விட்டு வந்து சில வருடமே ஆனவர்கள். அவர்கள் ஒரு குறிப்பு எழுதுவார்கள். அது மூன்று ஜட்ஜுகளிடம் போகும். நேரில் வாதாட வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது. சுருக்கமான ஒரு உத்தரவோடு கதை முடியும். எதிர்க்கட்சிக்கு அரசு வக்கீல் இருப்பார். இவருக்கு ஒரு பேனா இருக்கும்.

போஸ்னர் கடைசியில் கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அந்தக் குறிப்புகள் ஜட்ஜுகளுக்குப் போவதற்கு முன்னால் நானே படித்துத் திருத்தித் தருகிறேன் என்றார். சக ஜட்ஜுகள் ஒப்புக்கொள்ளவில்லை. விலகினார். அவர் குற்றச்சாட்டை அப்போதைய தலைமை ஜட்ஜ் டயான் வுட் வெளிப்படையாகவே மறுத்தார்.

சரி, இதில் போஸ்னர்தானே ஹீரோ, நீ ஏன் அவரைத் திட்டுகிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1993 முதல் 2000 வரை அதே கோர்ட்டின் தலைமை ஜட்ஜ் யார்? இதே போஸ்னர். ஏழு வருடம் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. கைதிகள் வழக்குப் போடுவதைக் கடினமாக்கும் சட்டம் அமெரிக்க காங்கிரஸில் வந்தது 1996இல். அதன்படி கையில் காசே இல்லாத கைதியும் கோர்ட் கட்டணத்தைத் தவணை தவணையாகக் கட்டியே தீர வேண்டும். அந்த வருடமும் தலைமை ஜட்ஜ் இவர்தான். 'எனக்குத் தெரியாதே' என்று சொல்லவும் வழியில்லை. ஃபெடரல் கோர்ட்டுகளில் வழக்குகள் குவிவதைப் பற்றி 1985இலேயே தனிப் புத்தகம் எழுதியவர் அவர். கோர்ட் என்ற இயந்திரத்தின் ஒவ்வொரு ஸ்குரூவும் அவருக்குத் தெரியும். அதில் நசுங்கும் ஆளைத்தான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? அவருடைய கண்ணாடி அப்படி. சட்டத்தின் வேலை மொத்தச் செல்வத்தைப் பெருக்குவது என்று 1970களின் கடைசியில் வாதிட்டார். அந்தக் கணக்கில், நீங்கள் ஒன்றை எவ்வளவு விரும்புகிறீர்கள் என்பதற்கு அளவுகோல் அதற்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்பது. பணம் இல்லாதவனின் ஆசை கணக்கில் சேராது. அப்படி ஒரு தராசைக் கையில் வைத்திருப்பவருக்கு, வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாதவனின் மனு எடையே இல்லாததாகத்தானே தெரியும்? பின்னாளில் அந்தக் கொள்கையை அவரே தளர்த்திக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் பழகிய கண் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

இது ஒரே ஒரு விஷயத்தில் நடந்ததும் இல்லை. ஓட்டுப் போட ஃபோட்டோ அடையாள அட்டை கட்டாயம் என்ற இந்தியானா மாநிலச் சட்டத்தை 2007இல் செல்லும் என்று எழுதியவர் போஸ்னர். சுப்ரீம் கோர்ட்டும் 2008இல் ஆமாம் போட்டது. 2013இல், அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். 2014இல், விஸ்கான்சின் மாநிலத்தின் அதே மாதிரிச் சட்டத்தை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். ஆனால் அப்போது கோர்ட் ஐந்துக்கு ஐந்து என்று பிரிந்து நின்றது, சட்டம் தப்பித்தது. இவர் மனம் மாறியது நல்லதுதான். அட்டை இல்லாமல் ஓட்டுச்சாவடியிலிருந்து திரும்பிப் போனவருக்கு அதனால் என்ன பயன்?

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: விழித்துக்கொண்டபோது போஸ்னர் அற்புதமாகவே எழுதினார். 2015இல் ஒரு வழக்கு. இந்தியானா கைதி ஒருவருக்கு உணவுக்குழாயில் அமிலம் ஏறும் நோய். மாத்திரையைச் சாப்பாட்டை ஒட்டித் தராமல் சிறை வசதிப்படி தருகிறார்கள், வலி தாங்க முடியவில்லை என்று வக்கீல் இல்லாமல் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு டாக்டர் 'அதெல்லாம் போதும்' என்று சொல்ல, கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது. போஸ்னர் தானே இணையத்தில் மருத்துவத் தளங்களைப் படித்துப் பார்த்து, டாக்டர் சொன்னதில் சந்தேகம் இருக்கிறது என்று வழக்கை உயிர்ப்பித்தார். ஜட்ஜே ஆதாரம் தேடலாமா என்று சக ஜட்ஜ் ஹாமில்டன் எதிர்த்து எழுதினார். அந்த ஆட்சேபம் நியாயமானது. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கைதிக்கு ஒரு வக்கீலும் ஒரு டாக்டர் சாட்சியும் கிடைத்திருந்தால் ஜட்ஜ் எதற்கு மாத்திரையைப் பற்றி இணையத்தில் தேடப் போகிறார்?

விலகிய பிறகு, வக்கீல் இல்லாதவர்களுக்கு உதவ 2018இல் ஒரு மையம் தொடங்கினார். 2019இல் அது மூடப்பட்டது. இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஓய்வுபெற்ற மேதை வெளியே நின்று செய்ய முடியாததை, பதவியில் இருக்கும் சாதாரண ஜட்ஜ் ஒருவர் உள்ளே இருந்து கொஞ்சமாவது செய்ய முடியும். மனுவைத் தானே படிக்கலாம். ஏன் தோற்றாய் என்று அந்த ஆளுக்குப் புரியும்படி இரண்டு பத்தி எழுதலாம். வலுவான வழக்கு என்றால் இலவசமாக வாதாட ஒரு வக்கீலைக் கேட்டுப் பிடிக்கலாம். இதற்கெல்லாம் 40 புத்தகம் எழுதியிருக்க வேண்டியதில்லை.

'கடைசியிலாவது சொன்னாரே, மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லையே' என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் வாழ்நாள் பதவி கொடுத்திருப்பது எதற்கு? யாருக்கும் பயப்படாமல், பதவியில் இருக்கும்போதே உண்மையைச் சொல்வதற்குத்தானே? அவரை யாரும் வேலையை விட்டுத் தூக்கியிருக்க முடியாது. சம்பளத்தைக் குறைத்திருக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு அத்தனையும் 36 வருடம் இருந்தது.

நாளைக்கு நம்மில் யாராவது வக்கீலாகவோ ஜட்ஜாகவோ ஆனால், போஸ்னரின் மூளை நமக்கு வாய்க்காது. பரவாயில்லை. மேஜையில் கிடக்கும் கையெழுத்து மனுவை முதல் வருடமே பிரித்துப் படித்தால் போதும்.