மெருகேற்றும் மெஷினும் தொழிலாளியின் கூலியும்

பட்டறைக்கு மெஷின் வாங்குவது முதலாளியின் பாடு. கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு அதில் என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. கார் பாலிஷ் தொழிலில் இந்தப் பேச்சு எடுபடாது. தொழிலாளி மாதக் கடைசியில் முழுக் கூலியோடு வீடு திரும்புகிறானா, பிடித்தம் போக மிச்சத்தோடு திரும்புகிறானா என்பதைப் பெரும்பாலும் அவன் கையில் இருக்கும் மெஷின்தான் முடிவு செய்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். ரங்கநாதர் கோயில், தரியா தௌலத், சங்கமம், நிமிஷாம்பா கோயில் என்று கார்கள் தேடி வரும் ஊர். 2023 மார்ச் 12ஆம் தேதி பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. மைசூருக்கு மட்டும் போகிறவர்கள் இப்போது ஊருக்குள் நுழையாமல் புறவழியாகவே போய்விடலாம். போகிற போக்கில் நிறுத்தும் வண்டிகளை நம்பிச் சாலையோரத்தில் பிழைக்கிறவர்கள், இனி வேலையின் தரத்தைக் கொண்டுதான் வாடிக்கைக்காரரைப் பிடித்து வைக்க வேண்டும். வண்டி கழுவுவதோடு நில்லாமல் பாலிஷ் வேலையிலும் இறங்குவது இயல்பே. ஆனால் இறங்கும்போது எதை வாங்குவது?

பலர் முதலில் தேடுவது பழைய கிரைண்டரைத்தான். வெல்டிங் பட்டறையில் இரும்பை ராவும் அதே கிரைண்டரில் ஒரு பஞ்சுப் பேடை மாட்டினால் பாலிஷ் மெஷின் தயார் என்று நினைக்கிறார்கள். இது ஆபத்து. சாதாரணச் சிறு கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பாலிஷ் வேலைக்கென்றே செய்த ரோட்டரி மெஷினின் வேகம் சுமார் 600 முதல் 3,000 சுற்று வரைதான். இரும்பைத் தின்னும் வேகத்தைப் பெயிண்ட் எப்படித் தாங்கும்?

பெயிண்டின் கனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பளபளப்பு முழுவதும் அதில்தான். அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். நீங்கள் படிக்கும் செய்தித்தாளின் ஒரு தாளே சுமார் 65, 70 மைக்ரான் இருக்கும். தாளைவிட மெல்லிய அந்தப் பூச்சில் ஒரு பகுதியைத்தான் ஒவ்வொரு பாலிஷும் எடுக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பஸைச் சுற்றி நிற்கும் கறுங்கல் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லைத் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். காரைத் தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் இறங்கும். இந்த வித்தியாசம் தெரிந்தவனே நல்ல பாலிஷ்காரன்.

மெஷின்களில் முக்கியமானவை இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. வேகமாக வெட்டும், வாட்டர் பேப்பர் போட்ட கோடுகளைச் சீக்கிரம் எடுக்கும். ஆனால் ஓரிடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டாலும் சூடு ஏறும். பானெட் ஓரத்திலும் கதவின் மடிப்பிலும் பெயிண்ட் எரிந்து அடிப்பூச்சு தெரிந்துவிடும். இன்னொன்று, பட்டறைகளில் டி.ஏ. என்று சொல்லும் டூயல் ஆக்ஷன் மெஷின். பேட் சுற்றிக்கொண்டே மையத்தை விட்டு விலகியும் அசைகிறது. அதனால் சூடு ஓரிடத்தில் சேர்வது குறைவு. சாதாரண டி.ஏ. மெஷினை அளவுக்கு மீறி அழுத்தினால் பேட் சுற்றுவது நின்றுவிடும். கை தவறினாலும் மன்னிக்கிற மெஷின் அது.

ஆகவே நம் யோசனை இதுதான்: சொந்தக் காசில் வாங்கும் முதல் மெஷின் டி.ஏ.வாக இருக்கட்டும். ரோட்டரியைக் கை பழகிய பிறகு வாங்கலாம்.

டி.ஏ. மெதுவாக வேலை செய்கிறது, ஒரு வண்டி முடிக்கும் நேரத்தில் ரோட்டரியில் இரண்டு முடிக்கலாம் என்று முதலாளிகள் சொல்வார்கள். கை தேர்ந்தவருக்கு அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் புதிதாக வந்த பையன் ஒரு கதவை எரித்துவிட்டால், அதற்குத் திரும்பப் பெயிண்ட் அடிக்கும் செலவு, மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் விழுங்கிவிடுமே! அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் அந்தப் பையனின் கூலியில்தான்.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமாகட்டும், அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பாகட்டும், சேதத்துக்காகக் கூலியைப் பிடிக்க முதலாளிக்கு வரம்பு வைத்திருக்கின்றன. சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும். அவன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். சேதத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. பழகாத கையில் கிரைண்டரைக் கொடுத்துவிட்டு, எரிந்ததற்குக் கூலியைப் பிடிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? கவனக்குறைவு யாருடையது?

வாங்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். அசைவு 15 மில்லிமீட்டர் உள்ளது பானெட், மேற்கூரை போன்ற அகன்ற இடத்துக்கு உதவும். 8 மில்லிமீட்டர் உள்ளது வளைவுகளில் அடங்கி நடக்கும். பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் விலை கேட்பதோடு நிறுத்தாமல் மெஷினைக் கையில் தூக்கிப் பாருங்கள். நாள் முழுவதும் சுமக்கப் போவது நீங்கள். கார்பன் பிரஷ்ஷும் அடித்தட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலையாதலால், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் பட்டறையில் இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்த தம்பிக்கோ மைத்துனனுக்கோ தொழில் தொடங்கக் கடன் வாங்கிக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். பணத்தைக் கொடுப்பதோடு, எந்த மெஷின் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். விலை குறைந்தது என்று வாங்கிய கிரைண்டர், ஒரே நாளில் அவன் பெயரையும் உங்கள் பணத்தையும் சேர்த்து எரித்துவிடலாம். பிழைக்க வந்த இடத்தில் கைத்தொழில்காரனுக்குப் பெயர்தான் முதல். அதைக் காப்பாற்றித் தரும் மெஷினையே வாங்குங்கள்.