ரோல்-ப்ளேயிங் கேம்: ‘அவன்’ எப்போது ‘நான்’ ஆவான்?

கோபாலபுரத்தில் ஒரு வீடு. எந்த வீடு என்று கேட்க வேண்டாம். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற பையன் இருக்கும் எந்த வீடாகவும் இருக்கலாம். ஸ்கூல் முடிந்து, மைதானத்தில் ஒரு மேட்ச் ஆடி, ட்யூஷன் போய், ஹோம்வொர்க்கையும் எழுதி முடித்தபிறகு அவனுக்கென்று மிஞ்சுவது இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை, ஒரு மணி நேரம். பல மாதம் காசு சேர்த்து வாங்கிய புது ரோல்-ப்ளேயிங் கேமை அன்றைக்குத்தான் போடுகிறான்.

எட்டு மணிக்குத் திரையில் ஒரு மலை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்த போரைப் பற்றிக் கனத்த குரலில் யாரோ பேசுகிறார். எட்டேகாலுக்கு ஒரு கிராமம் வருகிறது. எட்டரைக்குக் கதாநாயகனின் சித்தப்பா அவனுக்குப் புத்தி சொல்கிறார். எட்டே முக்காலுக்குப் பையன் ஒரு பட்டனை அழுத்துகிறான், கதாநாயகன் பத்தடி நடக்கிறான், மறுபடி பேச்சு.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அம்மா கேட்கிறார். “என்னடா, கேம்னு சொன்னே? படம் பாத்துக்கிட்டிருக்கே?”

“இன்னும் ஆரம்பிக்கலம்மா.”

“மணி ஒம்பது. மூடு.”

சிரிப்பாக இருந்தாலும் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ரோல்-ப்ளேயிங் கேமின் முன்கதை எவ்வளவு நேரம் இருக்கலாம்? பத்து நிமிடமா, ஒரு மணியா, மூன்று மணியா?

முதலில், முன்கதை ஏன் நீள்கிறது என்று பார்ப்போம். பந்து விளையாட்டுக்கோ கார் ரேஸுக்கோ முன்கதையே தேவையில்லை. ரோல்-ப்ளேயிங் கேம் அப்படி இல்லை. ஆடுகிறவன் வேறொரு உலகத்தில் வேறொரு ஆளாக ஐம்பது, அறுபது மணி நேரம் வாழப்போகிறான். அந்த உலகம் எப்படிப்பட்டது, அவன் யார், எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்ற மூன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லியாக வேண்டும். மூன்றையும் ஒரேயடியாகக் கொட்டும்போதுதான் முன்கதை ரப்பராக இழுபடுகிறது.

எவ்வளவு இழுபடும் என்பதற்குப் பெயர் போன உதாரணங்கள் உண்டு. 2000-ல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த டிராகன் குவெஸ்ட் 7-ல் முதல் சண்டை வருவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2013-ல் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்காக அதைத் திரும்பச் செய்தபோது ஆரம்பப் பகுதியைக் குறைத்துவிட்டார்கள். தயாரித்தவர்களே கத்தரியை எடுத்தார்கள் என்பதைவிட வேறு சாட்சி வேண்டுமா? 2005-ல் ஜப்பானில் வெளியான கிங்டம் ஹார்ட்ஸ் 2-ல், அட்டைப் படத்தில் இருக்கும் சோரா கைக்கு வருவதற்குச் சுமார் மூன்று மணி நேரம். அதுவரை ராக்ஸஸ் என்ற வேறொரு பையனாக, கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில், சில்லறை வேலை செய்து காசு சேர்க்க வேண்டும். கோபாலபுரத்துப் பையனின் கணக்கில் இது மூன்று இரவு!

இதற்கு நேர் எதிரே 1995-ல் வந்த க்ரோனோ ட்ரிகர் இருக்கிறது. அம்மா வந்து எழுப்புகிறார், கதாநாயகன் படுக்கையை விட்டு எழுகிறான், ஊரில் திருவிழா. அவ்வளவுதான். சில நிமிடங்களில் ஆடுகிறவன் திருவிழாக் கூட்டத்தில் இஷ்டப்படி சுற்றிக்கொண்டிருப்பான். வழியில் ஒரு பெண் மோதி விழுகிறாள், அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் அவளை விசாரிப்பதா, பதக்கத்தை எடுப்பதா? யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தின்பதா, விடுவதா? எல்லாம் சும்மா விளையாட்டு என்றுதான் தோன்றும். பிற்பாடு கதாநாயகனைக் கோர்ட்டில் நிறுத்தும்போதுதான் தெரியும், திருவிழாவில் செய்த ஒவ்வொன்றும் சாட்சியாக வந்து நிற்கிறது. சாப்பாட்டைத் தின்றது கதாநாயகன் அல்ல, தானேதான் என்று ஆடுகிறவனுக்கு அங்கே சுரீர் என்று உறைக்கும்.

ரோல்-ப்ளேயிங் என்ற சொல்லுக்கு அர்த்தமே இதுதான். ‘அவன்’ என்று பார்த்துக்கொண்டிருந்த ஆள் ‘நான்’ ஆக மாறவேண்டும். முன்கதையை அளக்க வேண்டிய கோல் கடிகாரம் அல்ல, இந்த மாற்றம். அது எப்போது நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். பொறுமை என்பதே இந்தத் தலைமுறைக்குக் கிடையாதா? நம் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கவில்லையா? கம்பராமாயணத்தில் ராமன் பிறப்பதற்கு முன்னால் ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம், அரசியற்படலம் என்று நான்கு படலங்கள் இல்லையா? நீளமான தொடக்கம் என்பது நமக்கு என்ன புதுசா?

நல்ல கேள்வி. பதிலைத் தேடிக் கோபாலபுரத்தை விட்டு அதிக தூரம் போகவேண்டியதில்லை. அந்தப் பக்கமாகவே அவ்வை சண்முகம் சாலை ஓடுகிறது. பழைய லாயிட்ஸ் ரோடு. சாலைக்குப் பெயர் தந்த டி.கே. சண்முகம் 1912-ல் பிறந்தவர். 1918-ல், ஆறு வயதில், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஔவையார் வேடம் கட்டி, அந்தக் கிழவியின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சம்பாதித்துக்கொண்டார். ஒரு ஆண்பிள்ளை கிழவியாகவே மாறி, ஊரும் அந்தப் பெயரிலேயே அவரைக் கூப்பிட்டது என்றால், ‘அவள்’ ‘நான்’ ஆவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஏது?

அவர் வளர்ந்த அந்த நாடக மரபு இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் முதல் இரண்டு மணி நேரம் பபூன் காமெடியும் டான்ஸும்தான். வள்ளியோ முருகனோ நடு இரவுக்கு மேல்தான் வருவார்கள். வடக்கே காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்திலும் எடுத்தவுடன் துரியோதனன் வந்துவிடுவதில்லை. மேளமும் முகவீணையும் ஊரைக் கூட்டும். பிள்ளையாருக்குப் பாட்டு. அப்புறம் கட்டியங்காரன். பிறகுதான் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னால் ராஜா வந்து நிற்பார்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் பார்க்க வந்தவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பாய் விரிக்கிறார், டீ குடிக்கிறார், பக்கத்து ஊர்க்காரரிடம் பெண்ணுக்கு வரன் விசாரிக்கிறார், குழந்தையைத் தூங்க வைக்கிறார். தாமதமாக வந்தவருக்கும் கதை தவறிப்போகாது. பபூனும் கட்டியங்காரனும் கூட்டத்தைப் பார்த்தே பேசுவார்கள், ஊர்ப் பெரியவரையே கிண்டல் அடிப்பார்கள். யாருடைய கையும் கட்டப்படவில்லை. கேமின் முன்கதையில் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். எழுந்துபோனால் கதை போச்சு. பல கேம்களில் நிறுத்திவைக்கவும் முடியாது, தாண்டிப் போகவும் முடியாது, சேவ் செய்யவும் முடியாது. கூத்தின் நீளத்தை எடுத்துக்கொண்டு அதன் சுதந்திரத்தை விட்டுவிட்டால் அது கூத்து ஆகாது.

கூத்தில் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. வருகைப் பாட்டில் வேஷக்காரர் தன்னையே ‘இன்னார் வந்தார்’ என்று படர்க்கையில் பாடிக்கொண்டு வருவது வழக்கம். திரை விலகி, கட்டியங்காரன் ‘நீங்கள் யார்?’ என்று கேட்டபிறகு அவர் ‘நான்’ என்று பேசத் தொடங்குகிறார். ஆக, ‘அவன்’ ‘நான்’ ஆகும் அந்தக் கணத்துக்குக் கூத்துக்காரர்கள் ஒரு திரையே வைத்திருக்கிறார்கள். அதை விலக்க மறந்தால் கூட்டம் விடுமா?

ஸ்கைரிம் (2011) இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. தொடக்கத்தில் கதாநாயகனைக் கையைக் கட்டி ஒரு வண்டியில் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முதல் தடவை பார்க்க அருமையான காட்சி. தலையை வெட்டப்போகும் நேரத்தில் டிராகன் வந்து இறங்கும்போது நெஞ்சு படபடக்கும். ஆனால் அதே கேமை நான்காவது முறை, வேறொரு ஆளாக ஆட விரும்பும்போதும் அதே வண்டி, அதே பேச்சு. கதாநாயகனின் கையோடு சேர்த்து ஆடுகிறவன் கையும் கட்டப்பட்டிருக்கிறது. கடைசியில் ரசிகர்களே, வண்டிப் பயணம் இல்லாமல் வேறு இடத்தில் தொடங்கும்படி மாற்று ஆரம்பங்களை எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அதே நிறுவனத்தின் ஆப்லிவியன் (2006) கொஞ்சம் யோசித்திருந்தது. சிறையிலிருந்து சாக்கடை வழியாகத் தப்பி வெளியேறும் வாசலில், ‘உன் ஆளை மாற்றிக்கொள்கிறாயா?’ என்று கேட்கும். அந்த வாசலில் ஒரு சேவ் போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த தடவை முன்கதை கிடையாது.

பணக் கணக்கும் இருக்கிறது. ஸ்டீம் கடையில் 2015 முதல் இருக்கும் விதிப்படி, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், கேமைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். முன்கதையே மூன்று மணி நேரம் என்றால்? கேம் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் கெடு முடிந்துவிடும். சேர்த்துவைத்த பாக்கெட் மணியில் வாங்குகிற மாணவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நீளமான முன்கதை எல்லாமே குற்றம் என்று சொல்லவும் முடியாது. கிங்டம் ஹார்ட்ஸ் 2-ன் அந்த மூன்று மணி நேரத்தைத் திட்டுகிறவர்கள் எவ்வளவு பேரோ, அதை நினைத்து உருகுகிறவர்களும் அவ்வளவு பேர். விடுமுறை முடியப்போகிற ஏக்கம் சும்மா இரண்டு வசனத்தில் வராது. ராக்ஸஸோடு அந்த நாட்களை ஓட்டினால்தான் அவன் மறையும்போது வலிக்கும். ஆக, நீளத்துக்கு ஒரு காரணம் இருந்தால் அது நியாயமே. ஆனால் காரணத்தோடு நீள்வது நூற்றில் ஒன்றாகவும், ஆயிரம் வருடத்துப் போரைச் சொல்லி நீள்வது மிச்சமாகவும் இருப்பதுதான் பிரச்சினை.

உலகத்தின் சரித்திரம் முக்கியம் என்றால் அதைத் தூவலாம். செல்டா வரிசையில் 2017-ல் வந்த ப்ரெத் ஆஃப் தி வைல்ட் அப்படித்தான் செய்தது. கதாநாயகன் கண் விழிக்கிறான், குகையை விட்டு வெளியே ஓடி வருகிறான், கண்ணெதிரே ஒரு தேசமே விரிகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பது ஊர் ஊராகத் தேடிக் கண்டெடுக்கவேண்டிய நினைவுகளாகக் கிடக்கிறது. தேடி எடுத்த கதை மறக்காது. உட்காரவைத்துச் சொன்ன கதை மறந்துபோகும்.

தமிழிலிருந்தே ஒரு உதாரணம் உண்டு. டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. அது ரோல்-ப்ளேயிங் வகை அல்ல. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய சமையல் கேம், முழுவதையும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த முதல் கேம் விருது பெற்றது. அது வெண்பாவின் ஊர், குலம், கப்பல், விமானம் என்று தொடங்குவதில்லை. கொஞ்சம் பேச்சு, உடனே இட்லிப் பாத்திரம் கைக்கு வந்துவிடும். அம்மா எழுதிக்கொடுத்த சமையல் புத்தகம் நைந்துபோயிருக்கிறது, வரிகள் அழிந்துவிட்டன. ஆவி மேலே ஏறவேண்டும் என்றால் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று ஆடுகிறவனே யோசிக்கவேண்டும். அழிந்துபோன அந்த வரிகளில்தான் அவள் விட்டுவந்த ஊரும் அம்மாவும் இருக்கிறார்கள் என்று தட்டை அடுக்குகிற கைக்கே தெரிந்துவிடுகிறது.

எனவே கேம் செய்கிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள் போதும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆடுகிறவன் நடக்கட்டும். கால் மணிக்குள் அவனாக ஒரு முடிவு எடுக்கட்டும், அந்த முடிவு பின்னால் எங்காவது அவனைத் தேடிவரட்டும். மூன்றாவது, எந்தக் காட்சியையும் நிறுத்த, தாண்ட, சேவ் செய்ய வழி இருக்கட்டும். இவை மூன்றும் இருந்தால் முன்கதை மூன்று மணி நேரம் ஓடினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

முன்கதை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஆராய்ச்சிக்கூடம் எதுவும் தேவையில்லை. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு, தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே அம்மா கேட்பார்: “இன்னிக்கு அதுல என்னடா நடந்துச்சு?”

“ஒருத்தன் இருக்கான்மா, அவனுக்கு ஒரு சித்தப்பா...” என்று பையன் ஆரம்பித்தால், தயாரித்தவர்கள் தோற்றுவிட்டார்கள்.

“நான் ஒரு தாத்தாவோட சாப்பாட்டைத் தின்னுட்டேம்மா” என்று ஆரம்பித்தால், நாளைக்கு எட்டு மணிக்கு அவன் திரும்ப வந்து உட்காருவான்.