நகானு தோற்றவரா?

ஃபிரான்சிஸ் நகானு குத்துச்சண்டையில் மோதியது இரண்டே போட்டி. இரண்டிலும் தோல்வி. "காசுக்காகப் போய் அடி வாங்கினவர்டா" என்று வகுப்பில் ஒரு நண்பன் அடித்துச் சொன்னான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கேமரூனில் சின்ன வயதிலேயே மணல் குவாரியில் வேலை பார்த்தவர் அவர். மைக் டைசன் மாதிரி ஆகவேண்டும் என்பதுதான் ஆசை. 2012-ல் ஊரைவிட்டுக் கிளம்பி, சகாராவைக் கடந்து, 2013-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது தங்க இடம்கூட இல்லை. அவர் தேடிப் போனது குத்துச்சண்டையைத்தான். எம்.எம்.ஏ. பக்கம் திருப்பிவிட்டது அங்கே கிடைத்த பயிற்சியாளர். 2021-ல் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, தனக்குக் குத்துச்சண்டை ஆட அனுமதி என்று கேட்டார். ஒத்துவரவில்லை. 2023 ஜனவரியில், பட்டம் கையில் இருக்கும்போதே வெளியேறினார்.

அதே வருடம் அக்டோபரில், ரியாத்தில், டைசன் ஃப்யூரியை மூன்றாவது சுற்றில் கீழே சாய்த்தார். பத்து சுற்று முடிந்து, மூன்று நடுவர்களில் இருவர் ஃப்யூரி பக்கம். முதல் போட்டியிலேயே இது!

2024 மார்ச்சில் ஆந்தனி ஜோஷுவா இரண்டாவது சுற்றிலேயே கதையை முடித்தார். ஒப்புக்கொள்கிறேன், பலம் மட்டும் போதாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நகானு ஊரைவிட்டுக் கிளம்பிய அதே 2012-ல்தான் ஜோஷுவா லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஒருவர் மேடையில், இன்னொருவர் பாலைவனத்தில்.

காசும் வந்தது, உண்மைதான். வரட்டுமே! பழைய கனவை 37 வயதில் தொட்டுப் பார்த்தவரை வெறும் இரண்டு தோல்வியால் அளப்பது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.